ஒரு கணினி, பல பயனர்: வீட்டுக் கணினியில் கணக்குகளும் குறுக்குவழிகளும்



கணினி உலகின் புதுமைகளைப் பற்றிப் பேசும் மேடைகள் பல உள்ளன. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் புதுமையானதன்று, மிக எளியது. வீட்டில் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் ஒரு கணினியை எவ்வாறு ஒழுங்குபட வைத்துக்கொள்வது என்பதே அது. எளிய பொருள் என்பதாலேயே இதனை யாரும் முறையாகக் கற்பிப்பதில்லை. கற்பிக்கப்படாததாலேயே இழப்பு நேர்கிறது.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 8ஆம் நாள் சிங்கப்பூர்ப் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்தே கற்கும் முறைக்கு மாறின. அந்நாள்களில் ஒரே கணினியைக் குடும்பம் முழுவதும் பகிர்ந்துகொண்ட வீடுகள் பல. காலையில் தந்தையின் அலுவலகக் கூட்டம். நண்பகலில் தொடக்கப்பள்ளி மகனின் பாடம். மாலையில் உயர்நிலைப்பள்ளி மகளின் ஒப்படைப்பு. இரவில் பாட்டியின் காணொளி அழைப்பு. இத்தனையும் ஒரே திரையில், ஒரே பெயரில் நடந்தன. தம்பி விளையாட்டைப் பதிவிறக்கம் செய்யும்போது அக்காளின் கட்டுரை காணாமற்போனதும், தந்தையின் மின்னஞ்சல் பிள்ளையின் கண்ணில் பட்டதும் வியப்பிற்குரியன அல்ல.

தமிழ் படித்த நமக்கு இச்சிக்கலைப் புரிந்துகொள்ள ஓர் இலக்கண வழி உண்டு. ஒரு வாக்கியத்தில் பயனிலை மட்டும் இருந்து, எழுவாயும் செயப்படுபொருளும் தெளிவாக இல்லாவிட்டால் பொருள் குழம்பும். 'அழித்தான்' என்றால் யார் அழித்தான், எதனை அழித்தான் என்று கேட்போம். கணினியில் நாம் செய்யும் ஒவ்வொரு சொடுக்கும் ஒரு பயனிலை. அதன் எழுவாயைத் தெளிவாக்குவது பயனர் கணக்கு. அதன் செயப்படுபொருளில் மயக்கத்தை உண்டாக்குவது குறுக்குவழி. செய்பவர் யார், செய்யப்படுவது எது என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை தெரிந்தவர் வீட்டுக் கணினியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இவ்வுரையின் கருத்து இதுவே.

கணக்கு தோன்றிய வரலாறு

ஒரு கணினியைப் பலர் பகிர்வது புதிய பழக்கமன்று. தொடக்கக் காலத்தின் இயல்பே அதுதான். 1961ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையிலான குழுவினர், ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் நேரப் பகிர்வு முறையைச் செய்து காட்டினர். ஒருவர் கோப்பு மற்றவர் கையில் சிக்காதிருக்க வேண்டுமே என்பதற்காக, அம்முறையில் ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் வழங்கப்பட்டது. 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸ் இயங்குதளமும் பல பயனரை மனத்திற்கொண்டே வளர்ந்தது. அங்கு முழு அதிகாரம் படைத்த கணக்கு ஒன்றும், வரையறுத்த அதிகாரம் உடைய கணக்குகள் பலவும் இருந்தன.

1981இல் ஐபிஎம் நிறுவனத்தின் தனியாள் கணினி சந்தைக்கு வந்தபோது நிலைமை மாறியது. அது பெயருக்கேற்பத் தனியொருவருக்கானது. அதில் ஓடிய டாஸ் இயங்குதளத்தில் பயனர் கணக்கு என்பதே இல்லை; விசைப்பலகையின் முன் அமர்ந்தவரே உரிமையாளர். விண்டோஸ் 95 பயனருக்குத் தனித்தனி முகப்பை வைத்துக்கொள்ள இடமளித்தாலும், ஒருவர் கோப்பை மற்றவர் திறப்பதைத் தடுக்கவில்லை. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியே உண்மையான கணக்குப் பிரிவினையை வீடுகளுக்குப் பரவலாகக் கொண்டுவந்தது. அதிலும், கணினியை முதன்முதல் அமைக்கும்போது உருவாக்கப்பட்ட கணக்குகள் அனைத்தும் முழு அதிகாரத்துடனேயே அமைந்தன.

கணினி வீட்டிற்குள் நுழைந்தபோது தனியாளுக்கான பழக்கத்தோடு நுழைந்தது. கருவி மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. இன்றும் பல வீடுகளில் கணினிக்கு ஒரே கணக்குதான் இருக்கிறது. அதன் கடவுச்சொல் வீட்டில் உள்ளோர் அனைவருக்கும் தெரியும்.

கணக்கு எவற்றைப் பிரிக்கிறது?

பயனர் கணக்கு என்பது பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் அன்று. விண்டோஸ் கணினியில் ஒருவருக்குக் கணக்கு திறந்து, அவர் முதன்முறை உள்நுழையும்போது, சி இயக்ககத்தில் உள்ள 'யூசர்ஸ்' என்னும் கோப்புறைக்குள் அவருக்கெனத் தனிக் கோப்புறை ஒன்று உருவாகிறது. அதனுள் அவருடைய ஆவணங்கள், படங்கள், பதிவிறக்கங்கள், முகப்புத்திரை ஆகியவற்றுக்குத் தனித்தனி இடங்கள் அமைகின்றன. டெஸ்க்டாப் என்று நாம் பேச்சில் வழங்கும் முகப்புத்திரையும் உண்மையில் ஒரு கோப்புறையே. எனவே ஒரே கணினியில் நால்வருக்கு நான்கு கணக்குகள் இருந்தால், நான்கு முகப்புத்திரைகள் இருக்கும். ஒருவர் முகப்பில் வைத்த கோப்பு மற்றவர் முகப்பில் தோன்றாது.

கோப்புகளோடு பழக்கங்களும் பிரிகின்றன. திரையின் எழுத்தளவு, இடைமுக மொழி, விசைப்பலகை, உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், தேடல் வரலாறு ஆகியன கணக்கைச் சார்ந்தவை. பாட்டிக்கு எழுத்தைப் பெரிதாக்கி வைத்தால் பேரனின் திரை மாறாது. கற்றல் தளத்தில் அக்காளின் பெயரில் உள்நுழைந்திருக்கும் உலாவியில் தம்பி தன் விடையைச் சமர்ப்பித்துவிடும் குழப்பமும் நேராது.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நிருவாகி அதிகாரம் உள்ளவர் பிறர் கோப்புறைகளையும் திறந்து பார்க்க இயலும். ஆகவே கணக்குப் பிரிவினை பிள்ளைகளுக்கிடையே சுவராக நிற்கும். நிருவாகியின் முன் அது கதவு மட்டுமே. இதனைப் பெற்றோர் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை.

நிருவாகியும் சாதாரணப் பயனரும்

விண்டோஸில் கணக்குகள் இருவகைப்படும். நிருவாகிக் கணக்கு கணினி முழுவதையும் மாற்றவல்லது: மென்பொருளை எல்லாருக்குமாக நிறுவலாம், நீக்கலாம், பிற கணக்குகளை உருவாக்கலாம், அழிக்கலாம். சாதாரணக் கணக்கு தன் எல்லைக்குள் எழுதலாம், படிக்கலாம், உலாவலாம். கணினியின் அடித்தளத்தைத் தொட இயலாது.

வீட்டுத் தலைவர் தம் அன்றாட வேலைக்கு எக்கணக்கைப் பயன்படுத்த வேண்டும்? நிருவாகிக் கணக்கை என்றே பலரும் விடை கூறுவர். சரியான விடை சாதாரணக் கணக்கு என்பதே. 1975ஆம் ஆண்டு சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் இரு அறிஞர்கள் கணினிப் பாதுகாப்பைப் பற்றிய தங்கள் கட்டுரையில் ஒரு நெறியைத் தெளிவாக வகுத்தனர். ஒரு வேலையைச் செய்வதற்கு எவ்வளவு அதிகாரம் தேவையோ அவ்வளவு மட்டுமே அவ்வேலைக்குத் தரப்பட வேண்டும் என்பது அந்நெறி. கடைக்குச் செல்பவர் வீட்டுப் பத்திரத்தையும் நகைப்பெட்டிச் சாவியையும் கையில் எடுத்துக்கொண்டு செல்வதில்லை அல்லவா? அதுபோன்றதே இது.

இதன் காரணம் எளிது. நாம் திறக்கும் நிரல் எதுவாயினும் நம் அதிகாரத்தைக் கடன்பெற்றே இயங்குகிறது. இலவச விளையாட்டு என்று நம்பித் திறந்த கோப்பு தீநிரலாக இருந்தால், அது நமக்கு இருக்கும் அதிகாரம் முழுவதையும் பெறக்கூடும். 2007இல் வீடுகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா இதற்கு ஒரு தடையை வைத்தது. அடித்தளத்தில் மாற்றம் செய்ய முற்படும்போது திரை மங்கி, இசைவு கேட்கும் சாளரம் ஒன்று தோன்றும். நிருவாகிக் கணக்கில் இருப்பவரிடம் அது ஆம் அல்லது இல்லை என்னும் விடையை மட்டும் கேட்கும். சாதாரணக் கணக்கில் இருப்பவரிடம் நிருவாகியின் கடவுச்சொல்லையே கேட்கும். அவசரத்தில் 'ஆம்' என்று சொடுக்குவது கைப்பழக்கம். கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்வதற்குச் சில நொடிகள் ஆகும். அந்தச் சில நொடிகளில்தான் மனிதர் சிந்திக்கிறார்.

சாதாரணக் கணக்கு எல்லாத் தீங்கையும் தடுத்துவிடும் என்று எண்ணலாகாது. சில மென்பொருள்கள் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே தம்மை நிறுவிக்கொள்ளும்; அதற்கு நிருவாகியின் இசைவு தேவையில்லை. அவ்வாறே ஒரு தீநிரல், திறந்தவரின் சொந்தக் கோப்புகளைக் கெடுக்கவும் இயலும். எனினும் தீங்கு ஓர் அறையோடு நிற்பதற்கும் வீடு முழுவதும் பரவுவதற்கும் வேறுபாடு பெரிது.

வீட்டில் அமைக்கும் முறை

தற்போது ஒரே கணக்கில் இயங்கும் வீட்டுக் கணினியைப் பின்வரும் வரிசையில் சீர்செய்யலாம். இவ்வரிசை மாறக்கூடாது.

முதலாவதாக, முக்கியமான கோப்புகளை வெளிவட்டு ஒன்றில் படியெடுத்து வைக்க வேண்டும்.

இரண்டாவதாக, புதிய நிருவாகிக் கணக்கு ஒன்றை உருவாக்க வேண்டும். விண்டோஸ் 11இல் 'செட்டிங்ஸ்' பகுதியில் 'அக்கவுண்ட்ஸ்' என்பதன் கீழ் 'அதர் யூசர்ஸ்' என்னும் பிரிவு உள்ளது. அங்கே சேர்க்கப்படும் புதிய கணக்கு முதலில் சாதாரணக் கணக்காகவே பிறக்கும். அதன் வகையை நிருவாகி என்று மாற்ற வேண்டும்.

மூன்றாவதாக, அப்புதிய கணக்கில் ஒருமுறை உள்நுழைந்து, கடவுச்சொல் சரியாக வேலை செய்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். அதன்பின்னரே பழைய கணக்கின் வகையைச் சாதாரணம் என்று மாற்ற வேண்டும். பழைய கணக்கின் கோப்புகள் யாவும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதிகாரம் மட்டுமே குறையும்.

நான்காவதாக, குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் சாதாரணக் கணக்கு ஒன்றைத் திறக்க வேண்டும்.

நிருவாகியின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, கடப்பிதழும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் இடத்தில் வைக்கலாம். கணினியின் அருகில் ஒட்டிவைப்பது கூடாது. சாதாரணப் பயனர் ஒருவர் தம் கடவுச்சொல்லை மறந்தால், கணினியளவில் மட்டும் உள்ள கணக்காயின் நிருவாகி அதனை மாற்றித் தரலாம். நிருவாகியே மறந்தால் வீட்டில் அவ்வாறு மாற்றித் தருவார் எவரும் இலர். எனவே பெற்றோர் இருவரும் அதனை அறிந்திருத்தல் நன்று.

இருக்கையை விட்டு எழும்போது விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். திறந்திருந்த வேலை அப்படியே இருக்கும். அடுத்தவர் தம் கணக்கில் நுழையலாம். இப்பழக்கம் இல்லாவிட்டால், எத்தனைக் கணக்குகள் திறந்தாலும் பயனில்லை. கதவை அமைத்துவிட்டுத் தாழிடாமல் செல்வதற்கு அது ஒப்பாகும்.

குறுக்குவழி என்பது சுட்டுப்பெயர்

இனி இரண்டாம் வினாவிற்கு வருவோம். செய்யப்படுவது எது?

கணினித் திரையை எழுதுமேசையாகவும், அதன்மேல் உள்ள படவுருக்களை மேசைமேல் வைத்த தாள்களாகவும் காட்டும் எண்ணத்தை 1981இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார் கணினி விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1984இல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் அதனைப் பரப்பியது. மேசைமேல் தாள் இருந்தால் அத்தாள் அங்கேதான் இருக்கிறது. ஆனால் நாளடைவில் கோப்புகள் பெருகின. ஆழத்தில் உள்ள கோப்பை எடுப்பதற்கு ஒவ்வொரு முறையும் பல கோப்புறைகளைத் திறக்க வேண்டியதாயிற்று. ஆகவே 1991இல் மெக்கின்டாஷின் ஏழாம் இயங்குதளம் 'மாற்றுப்பெயர்' என்னும் பொருள்படும் ஒரு வசதியை அளித்தது. 1995இல் விண்டோஸ் 95 அதனையொத்த குறுக்குவழியைத் தந்தது.

குறுக்குவழி என்பது பொருளன்று; பொருள் இருக்கும் இடத்தைச் சொல்லும் சிறு குறிப்பு. தமிழ் ஆசிரியர்களுக்கு இதனை ஒரு சொல்லில் விளக்கலாம்: அது ஒரு சுட்டுப்பெயர். 'அவன்' என்னும் சொல்லைத் தாளில் எழுதிக் கிழித்துப் போட்டால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. 'அவன்' என்னும் சொல்லைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சென்றால் அவன் உடன் வரமாட்டான். சுட்டப்படுபவன் ஊரைவிட்டுப் போய்விட்டால், 'அவன்' என்பது யாரையும் காட்டாத வெறுஞ்சொல்லாய் நிற்கும். குறுக்குவழியின் இயல்பு முழுவதும் இம்மூன்று தொடர்களில் அடங்கும்.

முதற்றொடரைப் பார்ப்போம். முகப்புத்திரையில் உள்ள விளையாட்டின் குறுக்குவழியை நீக்கிவிட்டு, விளையாட்டையே நீக்கிவிட்டதாகப் பெற்றோர் நிறைவடைவதுண்டு. விளையாட்டு கணினியில் அப்படியே இருக்கும். மென்பொருளை உண்மையாக நீக்குவதற்கு அமைப்புகளில் 'ஆப்ஸ்' என்னும் பகுதிக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாந்தொடர் மாணவர்களுக்கு இன்றியமையாதது. இரவெல்லாம் விழித்துச் செய்த படைப்பை விரலிவட்டில் இட்டுப் பள்ளிக்குக் கொண்டுவருகிறார் ஒரு மாணவர் என்று கொள்வோம். அவர் இழுத்து இட்டது முகப்பில் இருந்த குறுக்குவழியை. பள்ளிக் கணினியில் திறந்தால், கோப்பைக் காணவில்லை என்னும் செய்தியே வரும். மாணவர் பொய் சொல்கிறார் என்று ஆசிரியர் கருதக்கூடும். மாணவரோ தம் உழைப்பு அழிந்துவிட்டதென்று கலங்குவார். உண்மையில் எதுவும் அழியவில்லை. படைப்பு வீட்டில் பத்திரமாக இருக்கிறது. இதனைத் தடுக்கும் வழி கோப்பின் அளவைப் பார்ப்பது. படங்களுடன் கூடிய படைப்பு பல மெகாபைட் அளவினதாக இருக்கும். குறுக்குவழி பெரும்பாலும் ஒன்றிரண்டு கிலோபைட்டைத் தாண்டாது. படவுருவின் கீழ் இடப்பக்க மூலையில் வளைந்த சிறு அம்புக்குறி இருந்தால், அது குறுக்குவழி.

மூன்றாந்தொடர் ஒழுங்கைப் பற்றியது. குறுக்குவழி சுட்டும் கோப்பை வேறிடத்திற்கு மாற்றினால், விண்டோஸ் அதனைத் தேடிக் கண்டுபிடிக்க முயலும். சில நேரங்களில் வெற்றி பெறும். கோப்பை நீக்கிவிட்டாலோ, அது விரலிவட்டில் இருந்து அவ்வட்டைக் கழற்றிவிட்டாலோ குறுக்குவழி பயனற்றதாகும். இதனினும் கொடியது தலைகீழ் மயக்கம். முகப்பில் ஒரு படி இருக்கிறதே என்று எண்ணி, ஆவணக் கோப்புறையில் உள்ள மூலத்தை நீக்கிவிடுவர். மூலம் அழிந்தபின் சுட்டுவதற்கு ஒன்றும் இல்லை. மறுசுழற்சித் தொட்டியைக் காலி செய்வதற்கு முன் நினைவு வந்தால் மீட்கலாம்.

நீக்குவதற்கு முன் ஐயம் எழுந்தால், படவுருவின்மேல் வலச்சொடுக்கு இட்டு அதன் பண்புகளைக் காண வேண்டும். குறுக்குவழியாயின் அது சுட்டும் இலக்கு அங்கே எழுதப்பட்டிருக்கும். அரை நிமிடம் செலவிட்டால் அரையாண்டு உழைப்பைக் காக்கலாம்.

ஏமாற்றும் குறுக்குவழிகள்

சுட்டுவது ஒன்று, சுட்டப்படுவது மற்றொன்று என்னும் இடைவெளியைத் தீயோரும் அறிவர். சில தீநிரல்கள் விரலிவட்டில் உள்ள உண்மையான கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் குறுக்குவழிகளை வைக்கும். பாடம் என்று எண்ணித் திறந்தால் தீநிரல் முதலில் இயங்கும். பிறகு பாடமும் திறக்கும். எனவே திறந்தவருக்கு ஐயமே எழாது. 2010இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல், குறுக்குவழியின் படவுருவை விண்டோஸ் காட்டும் முறையில் இருந்த ஒரு குறையைப் பயன்படுத்தியது. குறுக்குவழியைத் திறக்கவும் வேண்டியதில்லை. அது உள்ள கோப்புறையைப் பார்வையிட்டாலே போதும் என்னும் நிலை அன்று இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் அக்குறைக்கான திருத்தத்தை வெளியிட்டது. கணினியின் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இது தக்க சான்று.

மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டிய அடையாளம் இது: விரலிவட்டில் நாம் வைத்த கோப்புறைகளின்மேல், நாம் இடாத அம்புக்குறி தோன்றினால் அவற்றைத் திறக்கக் கூடாது. ஆசிரியரிடம் காட்ட வேண்டும்.

சுட்டுதல் வேறு, உரிமை வேறு

கணக்கும் குறுக்குவழியும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. மூத்த மகள் தன் ஆவணக் கோப்புறையில் உள்ள ஒரு கோப்பிற்குக் குறுக்குவழி உண்டாக்கித் தம்பிக்குத் தருகிறாள். தம்பியின் முகப்பில் அது தோன்றுகிறது, சொடுக்கினால் திறக்கவில்லை. ஏன்? குறுக்குவழி இடத்தைச் சொல்லுமே அன்றி நுழையும் உரிமையைத் தராது. வீட்டு முகவரி தெரிந்திருப்பதால் சாவி கிடைத்துவிடாது.

அவ்வாறாயின் குடும்பத்தினர் கோப்பைப் பகிர்வது எங்ஙனம்? 'யூசர்ஸ்' கோப்புறைக்குள் 'பப்ளிக்' என்னும் பொதுக் கோப்புறை ஒன்று உள்ளது. அது வீட்டின் கூடம் போன்றது. குடும்பப் படங்கள், பயண அட்டவணை, பொது ஆவணங்கள் ஆகியவற்றை அங்கு வைத்து, அவரவர் முகப்பில் அதற்கொரு குறுக்குவழி அமைத்துக்கொண்டால் போதும். கோப்பு ஓரிடத்தில் இருக்கும். வழிகள் பல இருக்கும். ஒரே ஆவணத்தை நால்வர் நான்கு படிகளாக வைத்து, எது இறுதிப் படி என்று தெரியாமல் தடுமாறும் நிலை ஏற்படாது.

பொதுக் கோப்புறையின் உள்ளே பொது முகப்புத்திரை ஒன்றும் மறைந்திருக்கிறது. அங்கு வைக்கப்படும் குறுக்குவழி எல்லார் முகப்பிலும் தோன்றும். உலாவி, சொற்செயலி போன்றவற்றை நிறுவும்போது அவற்றின் குறுக்குவழி பெரும்பாலும் அங்குதான் வைக்கப்படுகிறது. பிள்ளை தன் முகப்பைத் தூய்மை செய்யும் எண்ணத்தில் அதனை நீக்க முயன்றால், விண்டோஸ் நிருவாகியின் இசைவைக் கேட்கும். தன் மேசையில் உள்ளதை நீக்குவதற்கு ஏன் இசைவு என்று பிள்ளை வியக்கலாம். அது அவன் மேசையில் தெரிகிறது. ஆனால் எல்லாருக்கும் உரியது. நிருவாகி இசைந்தால் எல்லார் முகப்பிலிருந்தும் அது மறையும்.

தமிழுக்கு ஓர் இருக்கை

தனிக்கணக்கு முறையால் நம் மொழிக்கும் ஒரு நன்மை விளைகிறது. ஒரே கணக்கைப் பகிரும் வீட்டில் இடைமுக மொழியும் ஒன்றாகவே இருக்கும். அது ஏறத்தாழ எப்போதும் ஆங்கிலமாகவே இருக்கும். தனிக்கணக்கு உள்ள வீட்டில் பாட்டியின் கணினி தமிழில் பேசலாம். மொழியும் விசைப்பலகையும் கணக்கைச் சார்ந்தவை என்று முன்னரே கண்டோம். 'டைம் அண்ட் லாங்குவேஜ்' என்னும் பகுதியில் தமிழைச் சேர்த்துக்கொண்டால், தமிழ் 99, அஞ்சல் முதலிய விசைப்பலகைகளைத் தனியே மென்பொருள் வாங்காமலேயே பயன்படுத்தலாம்.

இவ்வசதி தானாக வந்ததன்று. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களில் தொடங்கிய முரசு மென்பொருளும், சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி உருவாக்கிய கணியனும், 1997இல் சிங்கப்பூரில் கூடிய முதல் தமிழ் இணைய மாநாடும், 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து ஏற்கப்பட்ட தமிழ் 99 விசைப்பலகையும் அதன் பின்னணியில் நிற்கின்றன. இவ்வட்டாரத்துத் தமிழர் முன்னின்று உழைத்துப் பெற்றதை, நம் வீட்டுக் கணினியில் ஒரு கணக்கிலேனும் பயன்படுத்துவது நமக்கு அழகு.

குறுக்குவழிக்குத் தமிழிலேயே பெயரிடலாம். குறுக்குவழியின் பெயரை மாற்றினால் மூலக் கோப்பின் பெயர் மாறாது. சுட்டுப்பெயர் மாறினால் ஆள் மாறுவதில்லையே. ஆகவே 'வீட்டுப்பாடம்', 'செய்தி', 'பேரனுடன் பேச' என்று அச்சமின்றிப் பெயர் சூட்டலாம். ஆங்கிலம் அறியாத முதியவருக்கு, தமிழ்ப் பெயருடைய மூன்று படவுருக்கள் மட்டும் கொண்ட முகப்புத்திரை பெரும் விடுதலையாகும்.

கணக்கின் பெயரில் மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. கணினியளவில் திறக்கும் கணக்கின் கோப்புறை, கணக்கு தொடங்கும்போது இட்ட பெயரையே பெறும். பழைய மென்பொருள்கள் சில தமிழெழுத்தில் அமைந்த கோப்புறைப் பெயரைக் கண்டு தடுமாறும். எனவே கணக்கை உரோமன் எழுத்தில் தொடங்கிவிட்டு, பின்னர் காட்சிப்பெயரைத் தமிழில் மாற்றிக்கொள்ளலாம். கோப்புறையின் பெயர் பழையபடியே இருக்கும். திரையில் தமிழ்ப்பெயர் தோன்றும்.

கணக்கை நீக்கும்போது

மூத்த மகன் தேசிய சேவைக்கோ வெளியூர்ப் பல்கலைக்கழகத்திற்கோ சென்றபின், வீட்டார் அவனது கணக்கை நீக்க எண்ணலாம். குறுக்குவழியை நீக்குவதுபோல் இதனைக் கருதிவிடக் கூடாது. 'செட்டிங்ஸ்' வழியே கணக்கை நீக்கினால், அக்கணக்கின் ஆவணங்கள், படங்கள், முகப்பில் இருந்த கோப்புகள் யாவும் சேர்ந்தே அழியும். அவை மறுசுழற்சித் தொட்டிக்கும் செல்லா. பள்ளி ஆண்டுவிழாப் படங்கள் அக்கணக்கில் மட்டும் இருந்திருந்தால், அவற்றை அதன்பின் தேடுவது வீண். ஆகவே உரியவரைக் கேட்டு, அவர் கோப்புகளை வெளிவட்டில் படியெடுத்து, அப்படி திறக்கிறதா என்று பார்த்தபின்னரே நீக்க வேண்டும்.

குறுக்குவழியை நீக்கினால் பொருள் தங்கும். கணக்கை நீக்கினால் பொருளும் போகும். சொடுக்கு ஒன்றுபோலவே இருப்பினும், விளைவு வேறு.

வகுப்பறையில் செய்யத்தக்கது

ஆசிரியர்கள் இக்கருத்தை ஒரு பாடவேளையில் கற்பிக்கலாம். மாணவர் ஒவ்வொருவரும் நான்கு வரிப் பத்தி ஒன்றைத் தட்டச்சு செய்து சேமிக்கட்டும். அதன் குறுக்குவழியை முகப்பில் அமைக்கட்டும். பின்னர்க் குறுக்குவழியின் பெயரை மாற்றி, மூலத்தின் பெயர் மாறியதா என்று பார்க்கட்டும். குறுக்குவழியை நீக்கி, மூலம் இருக்கிறதா என்று தேடட்டும். மீண்டும் ஒன்றை அமைத்து, இம்முறை மூலத்தை நீக்கி, குறுக்குவழி என்ன செய்கிறது என்று காணட்டும். ஒவ்வொரு செயலையும் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை அமைந்த முழு வாக்கியமாகக் குறிப்பேட்டில் எழுதட்டும். கணினிப் பாடமும் தமிழ்ப் பாடமும் ஒருசேர நிறைவேறும்.

மாணவர்களுக்கு வீட்டுப்பணி ஒன்றும் உண்டு. இவ்வார இறுதியில் பெற்றோருடன் அமர்ந்து, வீட்டுக் கணினியில் எத்தனைக் கணக்குகள் உள்ளன, அவற்றுள் எவை நிருவாகிக் கணக்குகள் என்று பார்த்து எழுதி வாருங்கள். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அவர்களுக்கென ஒரு கணக்கைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கி, தமிழ்ப் பெயருடன் மூன்று குறுக்குவழிகளை அமைத்துக் கொடுங்கள்.